பின்கண்ணாடி மாற்றிய நாள்

பத்தாவதோடு படிப்பை விட்டவள் நான். அதற்குப் பிறகு உறவுக்காரர்களுக்கு எப்போதாவது கடிதம் போட்டதோடு சரி. நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுத வந்திருப்பது கூச்சமாகத்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். விசேஷ வீடுகளில் என் கணவரின் சொந்தக்காரர்கள் என்னைப் பற்றி ஒரு கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் எழுந்து சமையற்கட்டுக்குள் போய்விடுவேன். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. மீதியை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வராது.

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சேலத்துக்கு மேலே மலையில், மஞ்சக்குட்டைக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் என் கணவர் டிரைவர். முதலாளி சென்னையில் இருந்தார். அவருடைய பழைய வேன் ஒன்று எஸ்டேட்டில் நின்றது. உள்ளே மடக்குக் கட்டில், கேஸ் அடுப்பு, கை கழுவத் தொட்டி, ஜன்னலுக்குத் திரை எல்லாம் உண்டு. முதலாளி குடும்பத்தோடு மலைக்கு வந்தால் அதில்தான் சுற்றுவார், அதிலேயே தூங்குவார். வீட்டை ஊடு என்கிற எங்கள் ஆட்கள் அதை ‘ஊட்டு வண்டி’ என்றார்கள்.

அந்த வண்டியைப் பின்னால் எடுப்பது பெரிய பாடு. பக்கக் கண்ணாடிகளில் பக்கம்தான் தெரியும். அதனால் பின் ஜன்னலுக்கு வெளியே, மேலே, ஓர் இரும்புக் கையில் உப்பலான வட்டக் கண்ணாடி ஒன்று தரையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். டிரைவர் தன் தலைக்கு மேலுள்ள கண்ணாடியில் பார்த்தால், வண்டியின் நடுவழியாக அந்தப் பின்கண்ணாடியும், அதில் வண்டிக்குப் பின்னால் இருக்கும் தரையும் தெரியும்.

அந்த மழைக்காலத்தில் குப்பனூர் ரோட்டு வளைவில், லாரிக்கு வழிவிட என் கணவர் பின்னால் எடுத்தபோது, சில்வர் ஓக் மரக்கிளை ஒன்று அந்தக் கண்ணாடியை இரும்புக் கையோடு பிடுங்கிவிட்டது. தகரமும் நசுங்கியது. முன்பே ஒரு தடவை நசுங்கிய வண்டி. முதலாளி போனில் சொன்னதை, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் எங்கள் வாசலில் வந்து நின்று சொன்னார்.

“இன்னொரு கீறல் உழுந்தா வேற டிரைவரப் பாத்துக்குவாராம். அவுரு சொன்னதச் சொல்லிப்புட்டேன், என்னைய வையாதீங்க.”

வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போகும்.

சனிக்கிழமை முதலாளி வருவதாகத் தகவல். என் கணவர் சேலத்துக்குப் போய், பழைய பஸ் சாமான் கடையில் ஓர் உப்பல் கண்ணாடி வாங்கி வந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டியைக் காப்பி காயவைக்கும் களத்தில் நிறுத்தி வேலையை ஆரம்பித்தார். பழைய போல்ட்டு துருப்பிடித்து அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றினார். புதுக் கையின் ஓட்டை பொருந்தவில்லை, அதை அரத்தால் ராவிப் பெரிதாக்கினார். ஆடாமல் இருக்க இடையில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வைத்துப் போல்ட்டை முடுக்கினார். பிறகு அவர் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் ஸ்டூலில் ஏறிக் கண்ணாடியைத் திருப்பினேன்.

“மேல தூக்கு புள்ள. அட, நொம்பத் தூக்கிட்ட, மரந்தான் தெரியுது. எறக்கு, எறக்கு. இப்ப உன்ற மூக்குத் தெரியுது. பூசணிக்கா மாதிரி இருக்குது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காத, இன்னும் பெருசாவுது.”

கண்ணாடி சரியாக நின்றது. அதற்குள் பனி இறங்கிவிட்டது. வண்டியை ஷெட்டுக்குள் விட வேண்டுமென்றால், களத்தின் விளிம்பு வரை பின்னால் போய்த் திருப்பியாக வேண்டும். விளிம்பில் ஒரு வரிசைக் கல், அதற்குக் கீழே இரண்டாள் உயரப் பள்ளம். என் கணவர் ஏறி உட்கார்ந்து பார்த்தால், புதுக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்திருந்தது. இறங்கி வந்து துடைத்தார். துடைத்த கையோடு மறுபடி பூத்தது.

“நீ பின்னால நின்னு சொல்லு” என்றார்.

அந்த நேரம் காப்பிப் பழம் பறிக்கிற பெண்கள் மூட்டைகளைக் களத்தில் இறக்கிவிட்டு எடைக்காகக் காத்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் குரலெடுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. கிளீனராக இருந்தால் “வா, வா, நில்லு” என்று கத்தலாம், டிரைவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பெண்டாட்டி புருஷனை அப்படிச் சொல்ல முடியுமா? “வாங்க, வாங்க” என்றேன்.

“சத்தமாச் சொல்லு புள்ள!”

“வாங்க! வாங்க!”

மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாள் சொன்னார்: “விருந்துக்குக் கூப்புடற மாதிரியில்ல கூப்புடறா! எல போட்டாச்சா கண்ணு?”

எல்லோரும் சிரித்தார்கள். என் முகம் சுட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது பின்சக்கரம் விளிம்புக்கு மிகப் பக்கத்தில் வந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்பதை வாண்டாம் என்போம். மரியாதைக்கு வாண்டாங்க. நான் அதைத்தான் கத்தினேன். “வாண்டாங்க! வாண்டாங்க!” எஞ்சின் சத்தத்தில் அவர் காதில் விழுந்தது ‘வாங்க, வாங்க’. அதுவும் அவசரமாகக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் வேகமாக வந்தார். சக்கரம் பட்டு விளிம்புக் கல் ஒன்று பெயர்ந்து கீழே உருண்டது.

“நில்லுடா!”

அது என் குரல்தான். வண்டி நின்றது. சக்கரத்தில் பாதி பக்கத்துக் கல்லின் மேல் இருந்தது.

களத்தில் யாரோ, “அடி ஆத்தா, டா போட்டுட்டாளே!” என்றார்கள். “ஊட்லயும் இப்படித்தானா புள்ள?” என்றாள் ஒருத்தி. மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் என்னைப் போலவே “நில்லுடா” என்றது. சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது.

என் கணவர் இறங்கி வந்தார். சக்கரத்தைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. “ஏனுங்க, கொஞ்சம் வந்து நில்லுங்க” என்று ரைட்டரைக் கூப்பிட்டார். ரைட்டர் வந்து, “முன்னால போ, ஸ்டீரிங்க ஒடி, இப்ப வா, வா, நில்லு” என்றார். வண்டி ஒரு கீறல் இல்லாமல் ஷெட்டுக்குள் போனது. எவ்வளவு சுலபமாக இருந்தது அந்த மனிதருக்கு.

ராத்திரி சோறு போடும்போது, “தெரியாம வாயில வந்துருச்சுங்க” என்றேன்.

“வண்டி நின்னுச்சுல்ல” என்றார். ரசம் ஊற்றிப் பிசைந்த பிறகு, “இருந்தாலும் அத்தன பேருக்கு முன்னால” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

சொந்தக்காரர்கள் கதையில் பள்ளம் வராது. பெயர்ந்த கல்லும் வராது. புருஷனை டா போட்டவள் என்பது மட்டும் வரும். என் கணவரும் கூடச் சேர்ந்து சிரிப்பாரே தவிர, பள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. தெரியாமல் வந்தது என்று நான் சொன்னதும் முழு உண்மை இல்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவில், எத்தனை தரம் கத்தியும் கேட்காமல் அவர் வந்துகொண்டே இருந்தபோது, பயத்தோடு எனக்குக் கோபமும் வந்தது. கோபத்தில்தான் அந்த ‘டா’ வந்தது. சொன்ன அந்த நொடியில் நெஞ்சு லேசானது போலக்கூட இருந்தது. இன்றைக்கும் எனக்கு வெட்கம் அதை நினைத்துத்தான்.

மறுநாள் முதலாளி வந்தார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கண்ணாடி நன்றாக இருக்கிறது என்றார். சாப்பிட்ட பிறகு எல்லோரும் மாரமங்கலம் கிளம்பினார்கள். வண்டியை எடுக்கும்போது ரைட்டரே பின்னால் நின்று ‘வா, நில்லு’ சொன்னார்; என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.