லாச்சப்பலில் ஓர் அமெரிக்க அரையிறுதி

அமெரிக்காவில் நடக்கிற கூடைப்பந்தாட்டம் ஒன்றைப் பார்ப்பதற்காக லண்டனிலிருந்து பாரிசுக்கு ரயில் ஏறியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். 2019 மார்ச் மாதத் தொடக்கம், ஒரு சனிக்கிழமை. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பல் போக நினைக்கிறவர்கள் வழி, செலவு எல்லாம் கேட்டு எழுதியிருந்தீர்கள். அவற்றைச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பயணத்தை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை. நடந்ததையும் சேர்த்தே படியுங்கள்.

என் அண்ணன் யோகநாதன் முப்பது வருடமாகப் பாரிசில் இருக்கிறார். ரூ லூயி-பிளாங்க் தெருவில் தொலைபேசிக் கடை. அவருடைய ஒரே மகன் நிரூஷன் அங்கேயே பிறந்தவன், ஆறடி நாலங்குலம். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு உயரம் எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது. பதினொரு வயதில் பந்தைப் பிடித்தவன், பத்தொன்பது வயதில் அமெரிக்கச் சிறு கல்லூரி ஒன்றில் விளையாட்டுக்கான உதவித்தொகை கிடைத்துப் போனான். அண்ணை அதை 'பூர்ஸ்' என்பார், பிரெஞ்சு வழக்கப்படி.

அங்கே பத்துக் கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் ஒரு பருவம் முழுக்க விளையாடுகின்றன. அந்தக் கூட்டுக்கு 'கான்ஃபரன்ஸ்' என்று பெயர். குளிர் தொடங்கும்போது ஆரம்பித்து மார்ச்சில் முடியும். அந்த வருட ஆண்கள் பருவத்தில் நிரூவின் கல்லூரி அரையிறுதிக்கு வந்துவிட்டது. இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்கள் என்றதும் அண்ணை எனக்குப் போன் எடுத்தார். "நீ கட்டாயம் வா. எல்லாரும் சேர்ந்து பாப்பம்."

லண்டனில் காலை 10.24க்கு ரயில். கார் து நோர் நிலையத்தில் இறங்கும்போது பிற்பகல் 1.47. பிரயாணம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, மிச்சம் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முந்திப் போவதால் வருவது. போய்வர 94 பவுண் கொடுத்தேன். ஒரு மாதம் முந்திப் பதிந்திருந்தால் குறைந்திருக்கும். நிலையத்திலிருந்து லாச்சப்பலுக்கு மெட்ரோ எடுக்காதீர்கள், வீண். வெளியே வந்து வடக்கே நடந்தால் பத்து நிமிடம். மரக்கறிக் கடைகள் தமிழில் பெயர்ப்பலகை மாட்டத் தொடங்கினால் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அண்ணையின் கடைக் கண்ணாடியில் முழங்கால் உயரத்துக்கு நிரூவின் படம். கல்லூரிச் சட்டையோடு, பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு. கீழே தமிழிலும் பிரெஞ்சிலும் 'எங்கள் பெடியன்' என்று எழுதியிருந்தது. உள்ளே சிம் அட்டை வாங்க வந்தவரிடமும் அண்ணை அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர் பொறுமையாகக் கேட்டார். மிச்சக் காசு இன்னும் அண்ணையின் கையில் இருந்தது.

ஆட்டம் அங்கே மதியம் ஒரு மணிக்கு, எங்களுக்கு மாலை ஏழு. ரூ பிலிப்-து-ஜிராரில் அண்ணையின் கூட்டாளி செல்வத்துக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கேதான் பெரிய தொலைக்காட்சி. கொத்துரொட்டி எட்டு யூரோ, ஒரு தட்டு இருவருக்குக் காணும். அன்றைக்கு ஒரு மேசையும் காலியில்லை. அண்ணி கோவிலுக்குப் போய்விட்டு நேரே வந்து என் பக்கத்தில் அமர்ந்தா. சாப்பிடவேயில்லை.

"பருவம் தொடங்கேக்கை நல்லா விளையாடினவன்," என்று மெதுவாகச் சொன்னா. "தையிலை பழைய கோச் போயிட்டார். புது ஆள் வந்தாப் பிறகு இவனைக் கனக்க இறக்கிறேல்லை."

"இண்டைக்கு இறக்குவாங்கள்," என்றார் அண்ணை, முன் மேசையிலிருந்து திரும்பாமலே.

முதல் பாதியில் நிரூ பெஞ்சில் இருந்தான். கமெரா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கடை முழுக்கக் கைதட்டியது. இரண்டாம் பாதியில் அவனுடைய கல்லூரி எட்டாத தூரம் முன்னே போய்விட்டது. கூடைப்பந்து தெரியாதவர்களுக்கு ஒரு விடயம் சொல்ல வேண்டும். வெற்றி நிச்சயமான பிறகு, கடைசி இரண்டு மூன்று நிமிடங்களுக்கு, பெஞ்சில் காத்திருந்த பிள்ளைகள் எல்லாரையும் இறக்கிவிடுவது வழக்கம். வருடம் முழுக்க மற்றவர்களோடு ஓடியவர்களுக்கு அது ஒரு மரியாதை.

கோச் எழுந்து விரலால் கூப்பிட்டார். ஒருவன் போனான், இன்னொருவன் போனான். நிரூ மேற்சட்டையைக் கழற்றிவிட்டு எழுந்தான். அண்ணை கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி நின்றார். கோச் நிரூவைப் பார்த்தார். உள்ளங்கையைக் கீழே அமர்த்திக் காட்டினார். நிரூவுக்குப் பின்னால் இருந்தவன் அவனைத் தாண்டிக்கொண்டு களத்துக்குள் ஓடினான்.

நிரூ உட்கார்ந்து மேற்சட்டையைத் திரும்பப் போட்டான். ஒரு கை சரியாக நுழையவில்லை. கமெரா அதையும் காட்டியது.

கடையில் யாரோ ஒருவர் சொன்னார்: "உவன் அங்கை தண்ணி குடுக்கவோ போனவன்?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சற்று முன் கைதட்டியவர்களும் அவர்களில் இருந்தார்கள். செல்வம் அவசரமாக வந்து தொலைக்காட்சியை ஒரு படப்பாட்டுக்கு மாற்றினார். அண்ணை நின்றபடியே இருந்தார்.

வீடு ரூ பஜோலில், நாலாம் மாடி. ஏறி வந்ததும் அண்ணை காற்சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார், ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தார்.

"ஏன் உன்னை இறக்கேல்லை? என்ன பிழை விட்டனி?"

நிரூ பிரெஞ்சில் பேசினான். நீளமாக, தாழ்ந்த குரலில். எனக்கு அந்த மொழி தெரியாது. அண்ணி என் காதருகே சொன்னா. "புதுக் கோச் வியாழக்கிழமை கூப்பிட்டுச் சொன்னவராம். இவன்ர இடத்துக்குத் தன்ர ஆள் ஒருத்தனைக் கொண்டு வாறாராம். வாற வருஷம் இவனுக்குப் பூர்ஸ் இல்லையாம்." பிறகு குரல் உயர்ந்தது, அண்ணையைப் பார்த்து. "தையிலையே திரும்பி வாறன் எண்டு கேட்டவன். நீங்கள்தானே வராதை எண்டனீங்கள்!"

"வந்து? சனத்துக்கு நான் என்ன சொல்லுறது?"

பிறகு நிரூ தமிழில் கேட்டான், ஒவ்வொரு சொல்லாக. "சனம் எண்டா ஆர், பப்பா?"

அண்ணை போனைக் கையிலெடுத்தார். "பிரான்சுக்கு வாறதெண்டால் வா. இந்த வீட்டுக்கு வராதை."

அண்ணி பாய்ந்து போனைப் பறித்தா. "நிரூ, நிரூ, நீ வா அப்பன்" என்று கத்தினா. மறுபக்கம் துண்டித்தாகிவிட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் அவன் எடுக்கவில்லை.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். கண்ணாடியிலிருந்த படத்தை அண்ணை கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். பசை விடவில்லை, தலைப்பக்கம் மட்டும் உரிந்திருந்தது.

"அண்ணை, நீங்கள் அவனை அங்கை வைச்சிருந்தது அவனுக்காகவோ, இந்தக் கண்ணாடிக்காகவோ?" என்று கேட்டேன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"உனக்குத் தெரியாது. முப்பது வருஷம் இந்தத் தெருவிலை ஒருத்தனும் என்னைத் திரும்பிப் பாக்கேல்லை. இவனாலை பாத்தவங்கள்."

"இப்ப?"

அவர் கத்தியைத் திரும்பவும் கண்ணாடியில் வைத்துச் சுரண்டினார். அன்று மாலை இறுதியாட்டம். நிரூவின் கல்லூரிதான் வென்றதாம். நாங்கள் யாரும் பார்க்கவில்லை. நான் 5.13 ரயிலில் லண்டன் திரும்பிவிட்டேன்.

வருடக் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு நிரூ பிரான்சுக்கு வந்தான், லியோன் நகரத்துக்கு. அங்கே கூட்டாளி ஒருவனின் அறை. இப்போது ஒரு பொதி அனுப்பும் நிறுவனத்தில் வேலை. பந்தைத் தொடுவதில்லை. அண்ணி மாதம் ஒரு தடவை விரைவு ரயிலில் இரண்டு மணி நேரம் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருகிறா. அண்ணை எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை, அவவும் சொல்வதில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஞாயிற்றுக்கிழமை போனால் கூட்டம் அதிகம், ஆனால் மீன் நல்லது கிடைக்கும். கோவில் தேர்த் திருவிழா நாளில் ரூ பஜோல் பக்கம் வாகனம் நகராது, நடந்தே போங்கள். கையில் சில்லறை வைத்திருங்கள். பிள்ளைகளை விளையாட்டு உதவித்தொகையில் அமெரிக்கா அனுப்ப யோசிப்பவர்கள், அது எத்தனை வருடத்துக்கு, நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு வருடம்தான், கோச் மாறினால் எல்லாம் மாறும். இதைவிட முக்கியமானது ஒன்று. பிள்ளை திரும்பி வருகிறேன் என்றால், வா என்று சொல்லுங்கள். ரயில் காசு, அறை வாடகை எல்லாவற்றையும் விலை விசாரித்துச் செய்கிற நாங்கள் இந்த ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு கணக்குப் பார்க்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

2022இல் மறுபடி போனேன். நிரூ வேலை விடயமாகப் பாரிஸ் வந்திருந்தான், நிலையத்துக்குள்ளேயே என்னைச் சந்தித்தான். ஆளுக்கொரு கோப்பி, மூன்று யூரோ இருபது. அம்மாவின் முழங்கால் எப்படி என்று கேட்டான். என் பிள்ளைகளைக் கேட்டான்.

"பத்து நிமிச நடைதான், நானும் கூட வாறன்," என்றேன்.

"அம்மா லியோனுக்கு வருவா, மாமி," என்றுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து விடைபெற்றான்.

கடைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் பிந்திவிட்டது. அண்ணை ஒரு போனின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்.

"ரயில் பிந்தினதோ?"

"ஓம். பிந்தீட்டுது."

ஊசி போன்ற திருப்புளியால் ஒரு திருகாணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். அடுத்ததையும் கழற்றினார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"ஆள் மெலிஞ்சு போனானோ?"

"இல்லை அண்ணை," என்றேன்.

அவர் அடுத்த திருகாணியில் திருப்புளியை வைத்தார்.