வளராத வேலி

வாசலில் தொட்டி மூடி 'தொப்'பென்று விழுந்த சத்தம் உள்ளறை வரை கேட்டது. பாதி மடித்த துண்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

தெருவில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகச் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். காய்கறித் தோலைக்கூடச் செய்தித்தாளில் வைத்து, புதுச்சட்டை மாதிரி நான்காக மடித்துத்தான் பச்சைத் தொட்டியில் போடுவாள். சமையல் கழிவும் தோட்டத்து இலைதழையும் மட்டும் போடவேண்டிய தொட்டி அது. செவ்வாய்க்கிழமை மாலை தெருவோரம் உருட்டி வைத்தால், புதன் காலை எட்டு மணிக்கு லாரி வந்து எடுத்துப் போகும், உரமாக்குவார்கள். எதை எதில் போடுவது என்று தெருவுக்கே சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

அப்படிப்பட்டவளின் தொட்டியில் அடுத்தடுத்து இரண்டு சிவப்புச் சீட்டு! 'கலப்படம்' என்று ஒரே ஒரு சொல். மூன்றாவது சீட்டு விழுந்தால் தொட்டியையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு வருடத்துக்குத் திரும்பி வராது.

ஆறு மணிக்கே வேலைக்குப் போகிறவள் மாலையில் திரும்பும்போது காலித் தொட்டியும் சீட்டும்தான் அவளை வரவேற்கும். எதைக் கலந்தேன்? முட்டை ஓடா? டீத்தூளா? இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கும்போதெல்லாம் இதே யோசனை. கணவர் போய் எட்டு மாதம். அதற்குப் பிறகு குழம்பில் இரண்டு முறை உப்புப் போடுகிறாள், பூட்டிய கதவை மறுபடி பூட்டுகிறாள். தன்னையறியாமல் தானே எதையோ போட்டுவிட்டு மறந்துபோகிறாளோ? புத்தியே கைவிட்டுப் போகிறதோ? தொட்டி போவதைவிட அந்தப் பயம்தான் அவளை அரித்தது.

இன்று புதன். கடையில் மின்சாரம் இல்லாததால் ஒன்பதரைக்கே வீடு திரும்பியிருந்தாள். தொட்டி காலியாகத்தான் இருக்கும் என்று திறந்துகூடப் பார்க்கவில்லை.

வாசலில் நகராட்சிச் சோதனையாளர் கையுறையோடு நின்றிருந்தார். "மூணாவது தடவைம்மா. அதான் லாரிக்காரங்க எடுக்காம விட்டுட்டாங்க" என்றபடி மூடியைத் தூக்கினார்.

தொட்டி கழுத்து வரை நிறைந்திருந்தது. எல்லாம் அவள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே நிற்கும் செடிவேலியின் இலைகள். குச்சிகள் சின்னச் சின்னக் கட்டுகளாக, துணிக் கிழிசலால் கட்டப்பட்டிருந்தன. இலையும் குச்சியும் தாராளமாகப் போடலாம், துணிதான் கூடாது, இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும் என்று பொறுமையாக விளக்கினார்.

வேலியை அவள் தொட்டே எட்டு மாதம் ஆகிறது. கணவர் அதை வெட்டும் கத்தரிக்கோலைக் கையில் எடுக்கவே மனம் வரவில்லை. அவர் விட்டுப்போன தோள் உயரத்திலேயே வேலி நின்றது. அவர் போன துக்கத்தில் அதுவும் வளர மறந்துவிட்டது என்று கடையில் சொல்லி அழுதிருக்கிறாள். "அது அழுதுக்கிட்டே இருந்தா நீ தண்ணி ஊத்தவும் வேணாம், மிச்சந்தான்" என்று துணி துவைப்பவள் கேலி செய்ததுகூட உண்டு.

அப்போதுதான் அந்தக் கிழிசலைச் சரியாகப் பார்த்தாள். நீலத் துணியில் வெள்ளைப் பறவைகள். ஐயோ, என் திரைச்சீலை! திடுக்கிட்டுத் திரும்பினாள். ஜன்னலில் அவளுடையது முழுசாகத் தொங்கியது.

ஒரே துணியை மாமியார் இரண்டாக வெட்டி இரண்டு மருமகள்களுக்கும் கொடுத்தது அது. மறுபாதி பக்கத்து வீட்டில், கணவரின் அண்ணன் மனைவியிடம்.

ஓரகத்தியோடு பேச்சு நின்று ஆறு வருடம். "உன் புருஷன் வேலி என் வீட்டு வெயிலைத் திருடுது" என்றாள் அவள். "வெயிலை உங்க பேருக்கு எழுதி வாங்கியிருக்கீங்களா?" என்றாள் இவள். அதோடு இரண்டு வாய்க்கும் பூட்டு. கணவர் இறந்த அன்று வந்தாள். ஒரு மூலையில் மாலை வரை உட்கார்ந்திருந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாள்.

"வேற யாராவது போட்டிருந்தா சொல்லுங்கம்மா. அவங்க பேர்ல எழுதிடறேன். உங்க தொட்டி தப்பிச்சிடும்" என்றார் சோதனையாளர்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு செருப்புச் சத்தம் சட்டென்று நின்றது.

"நான்தான் கட்டினேன்" என்றாள் மடிப்பக்கா.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்தார், கிழிசலைப் பார்த்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிறகு தொட்டியைத் தெருவில் நின்ற வண்டிக்கு உருட்டிக்கொண்டு போனார்.

வண்டி கிளம்பியதுதான் தாமதம், ஓரகத்தி உள்ளே வந்து நின்றாள். தலைமுடியில் இலைத்துணுக்கு. மடிப்பக்கா நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"உனக்கு எதுக்கு இந்தப் பொய்?"

"நீங்க எதுக்குக்கா என் வேலியை வெட்டினீங்க? எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு நான் பயந்துக்கிட்டே இருந்தேன்."

ஓரகத்தி தலையிலிருந்த இலைத்துணுக்கை எடுத்து வெளியே எறிந்தாள். "எனக்கு வெயில் வேணும். துணி காய வேணாமா? உன் பக்கத்து இலை, உன் தொட்டியில போட்டேன். அதுல என்ன தப்பு?" குரலைத் தணித்துக்கொண்டாள். "கட்ட வேற துணி கிடைக்கல. கிழிஞ்சதுதான். இனிமே உன் குப்பையை என் தொட்டியில போடு. நாலா மடிச்சாலும் சரி, எட்டா மடிச்சாலும் சரி."

மடிப்பக்கா ஜன்னல் வழியே பார்த்தாள். அவர் விட்டுப்போன அதே தோள் உயரத்தில் வேலி. அதற்கு அந்தப் பக்கம், ஓரகத்தி வீட்டில் கொடிக்கயிறே இல்லை. துருப்பிடித்த இரண்டு கம்பங்கள்தான். ஓரகத்தி மொட்டை மாடியில் துணி உலர்த்த ஆரம்பித்து இரண்டு வருடம் இருக்கும்.

"அக்கா, துணி..." என்று அவள் திரும்புவதற்குள் ஓரகத்தி வாசலைத் தாண்டியிருந்தாள். கதவை அவளே இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.