வெள்ளையடித்த குடோனில் கேட்ட ஒரு கேள்வி: தேனியிலிருந்து கூடலூருக்கு

தேனியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். பத்தாவது பாஸ் செய்ததோடு படிப்பு நின்றுவிட்டது. செல்வராணி அக்கா எங்கள் கடையில்தான் பிரின்ட் எடுப்பார். ஒரு குடோனை இன்சூர் செய்யும் முன் நேரில் போய், அங்கே என்ன ஆபத்து வரலாம் என்று பார்த்து எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அந்த ரிப்போர்ட்டுகளைப் படித்துப் படித்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. என் படிப்புக்கு இதில் வழி உண்டா என்று கேட்கவே நான்கு மாதம் ஆனது. "முதல்ல நான் பாக்குற வேலையை வந்து பாரு, அப்புறம் வழி சொல்றேன்" என்றார். போன செவ்வாய்க்கிழமை லீவு போட்டுக் கிளம்பினேன்.

காலை 7.10க்கு பஸ். கூடலூர் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். நான் ஊர் பெயரைச் சொன்னது கண்டக்டருக்குக் கேட்கவில்லை. "வாயைத் தொறந்து சொல்லு தாயி, எறும்பு பேசுனா எனக்குக் கேக்குமா?" என்றவர் கூடலூரைத் தாண்டியிருக்கும் குமுளிக்கு டிக்கெட் கிழித்துவிட்டார். மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் சத்தமாகச் சொல்லுங்கள். வலது பக்க ஜன்னலைப் பிடித்தால் மலை கடைசி வரை கூடவே வரும். அனுமந்தன்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல்கள்.

8.55க்கு இறங்கினேன். அக்கா ஸ்கூட்டரில் காத்திருந்தார். வாய்க்காலை ஒட்டிய ஓர் அரிசி குடோனுக்குப் போனோம். சுவரெல்லாம் புது வெள்ளை.

"இன்சூரன்ஸ்ல இருந்து மேடம் வர்றாகன்னு நேத்துத்தான் அடிச்சோம்" என்றார் முதலாளி பெருமையாக.

அக்கா முகம் வாடியது. பழைய தண்ணீர்த் தடம் சுவரில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவர் வந்திருந்தார். அதை மரியாதைக்காக அழித்துவிட்டார்கள்!

"தண்ணி வந்திருக்காண்ணே?"

"நல்ல காரியம் பேசும்போது அதை ஏன் கேக்குறீக?"

அக்கா கோபப்படவில்லை. ஒயர், கதவு, மூட்டைக்கும் பல்புக்கும் உள்ள தூரம் என்று நிதானமாக அளந்தார். அந்தப் பொறுமையைப் பார்த்துக்கொண்டே டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தேன். அப்போதுதான் கவனித்தேன். சுவிட்ச் போர்டுகள் எல்லாம் என் தலைக்கு மேலே இருந்தன. முழங்கால் உயரத்தில் பழைய சுவிட்ச் ஓட்டைகளைச் சிமெண்டால் அடைத்திருந்தார்கள். கேள்வியை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பிறகு சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"சுவிட்சை ஏன் மேல மாத்துனீக?"

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அடி ஆத்தா! ஊமைன்னு நெனச்சேன், கேக்குது பாரு கேள்வி. மூணு வருசத்துக்கு முந்தி அங்கன முட்டளவு வந்துச்சு. கீழ் அடுக்கு மூட்டையெல்லாம் போச்சு."

மூன்றடி மேடை கட்டி மூட்டைகளை அதன்மேல் அடுக்க வேண்டும் என்று அக்கா எழுதினார். "மறைச்சிருந்தா, மறுபடி தண்ணி வர்ற அன்னைக்கு இவருக்குப் பணம் கிடைக்கிறதே கஷ்டம்" என்று வெளியே வந்து சொன்னார்.

டீக்கடையில் வழியும் சொன்னார். பத்தாவது பாஸாகிப் பதினெட்டு வயது ஆனால், பயிற்சி எடுத்துப் பரீட்சை எழுதி ஏஜென்ட் ஆகலாம். திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாவது முடித்தால் இன்சூரன்ஸ் படிப்பின் முதல் கட்டப் பரீட்சைகளை எழுதலாம். அக்காவைப் போல இன்சூரன்ஸ் சர்வேயர் ஆகும் லைசென்ஸுக்கு அதற்கு மேலும் படிப்பும் பயிற்சியும் வேண்டும். விதிகள் மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

"ஏழெட்டு வருசம் ஆகும்டி. கணக்கை மட்டும் விட்டுறாத" என்றார்.

எனக்குக் கணக்கு என்றால் பயம். நேற்று பன்னிரண்டாவதுக்கு விண்ணப்பித்தேன். முதல் பாடமாகக் கணக்கைத்தான் குறித்திருக்கிறேன்.