அம்மா வேண்டாம் என்ற கல்

எங்கள் ஊர் ஆற்றில் எல்லா நேரமும் சோப்பு நுரைக்காது. தாமிரபரணி கடலில் சேருகிற இடம் அது. கடல் ஏறினால் ஆறு உப்பு. கடல் வடிந்தால் நல்ல தண்ணீர். வடிகிற நேரம் பார்த்துத்தான் துவைக்கப் போக வேண்டும். அதனால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆற்றில் இருப்பார்கள். அந்த நேரத்தில் ஊருக்குள் போனால் கோழிகள்தான் மேய்ந்துகொண்டிருக்கும்.

கரையில் வரிசையாகக் கல். வீட்டுக்கு ஒரு கல். மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வரும். தண்ணீர் வருகிற பக்கம் முதலில் இருப்பது தலைக்கல். அந்தக் கல்லுக்காரியைத் தலைக்கல் மாமி என்றுதான் ஊரே சொல்லும். அவளுக்குத் தெளிந்த தண்ணீர். அவள் அடித்த அழுக்கு அடுத்த கல்லுக்கு. இரண்டும் சேர்ந்து அதற்கடுத்த கல்லுக்கு. கடைசிக் கல்லுக்கு வரும்போது ஊர் அழுக்கு முழுவதும் வந்துவிடும். கடல் ஏறும்போது உப்பும் முதலில் அங்கேதான் வரும்.

கடைசிக் கல் எங்கள் அம்மாவுடையது.

எங்கள் வீட்டுக் கல் பெரியம்மாவுக்குப் போய்விட்டது. அம்மா இளைய மருமகள். அதோடு தூத்துக்குடி டவுனில் இருந்து வந்தவள். அவள் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவள். ஊரில் அவளுக்கு டவுன்காரி என்று பேர். கல்யாணமாகி வந்த புதிதில் யாரும் ஒதுங்கி இடம் விடவில்லை. எல்லாக் கல்லையும் தாண்டி, ஒரு உடைமரத்தடியில், சகதியில் பாதி புதைந்து ஒரு கறுப்புக் கல் கிடந்தது. அதில் அடிக்க ஆரம்பித்தாள். நான் பிறந்து, நடந்து, சோப்பு டப்பா தூக்குகிற வயசு வந்த பிறகும் அங்கேதான் அடித்தாள்.

கல் நல்ல கல். ஆனால் தனிக் கல். மேலே பெண்கள் பேசுவார்கள், சிரிப்பார்கள். அவர்கள் நுரை எங்களிடம் வரும். சிரிப்புச் சத்தமும் வரும். எதற்குச் சிரித்தார்கள் என்பது மட்டும் வராது. அம்மா தலையைத் தூக்கி ஒரு தடவை பார்ப்பாள். பிறகு அப்பா சட்டையை ஓங்கி அடிப்பாள்.

ஒரு மழைக்கு ஆறு பெருகி வடிந்தது. கல் சாய்ந்து ஆட ஆரம்பித்தது. அம்மா சொல்லிச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் சித்தப்பாவும் கடப்பாரையோடு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் கடலுக்குப் போக மாட்டார்கள். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக்கூட அவர்கள் கழற்றவில்லை.

"பொரட்டிப் போட்டுருவோம். அடிப்பக்கம் சமமா இருக்கும்" என்றார் சித்தப்பா.

புரட்டினார்கள். அடிப்பக்கத்தில் ஒரு சிலுவை. அதற்குக் கீழே வரி வரியாக எழுத்து. தமிழ் இல்லை.

அப்பா கடப்பாரையைப் போட்டுவிட்டுச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். சித்தப்பா செல்போனை எடுத்தார். அப்போதுதான் வாங்கியிருந்தார். எதைக் கண்டாலும் படம் எடுப்பார். அதில் கருவாடுகூட இருந்தது.

பங்குச் சாமி குடையோடு வந்தார். பின்னாலேயே பாதி ஊர் வந்தது. சாமி குனிந்து துண்டால் சகதியைத் துடைத்துப் பார்த்தார். "பழைய கல்லறைக் கல்லு மாதிரி இருக்கு. போர்த்துகீசு எழுத்தா இருக்கலாம். பேரு தெளிவா இல்ல" என்றார். முன்பு ஒரு கோயில் ஆற்றங்கரையில் இருந்தது, ஆறு அதைக் கொண்டுபோய்விட்டது என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கோயில் கல்லாக இருக்கும் என்றார்.

சாமிக்கு அவ்வளவுதான் தெரிந்தது. சித்தப்பாவுக்கு அதற்கு மேலும் தெரிந்தது. கரையில் நிற்கும்போது அது ஒரு கப்பல்காரர் கல்லறை. டீக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் முத்துக்குளிப்பைப் பார்க்க வந்த தளபதியின் கல்லறை. சாயங்காலத்துக்குள் அந்தத் தளபதி எங்கள் குடும்பத்தில் பெண் எடுத்திருந்தார்.

தலைக்கல் மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். "ஏளா டவுன்காரி, இத்தன வருசமா செத்தவரு நெஞ்சுலயா போட்டு அடிச்ச?"

"முதுகுல மாமி" என்றாள் அம்மா. "நெஞ்சு கீழல்லா கெடந்துச்சு."

கரையே சிரித்தது. சாமி குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

திருவிழா வரப்போகிறது, ஆயர் வருகிறார், கொடியேற்றத்துக்குள் கல்லைக் கோயிலில் வைத்துவிட வேண்டும் என்று ஊர்க் கமிட்டி முடிவு செய்தது. கயிறும் கழியுமாக ஆள் வந்தது. அம்மா முன்னால் போய் நின்றாள்.

"தாராளமாத் தூக்கிட்டுப் போங்க. நான் எதுல தொவைக்க?"

"ஏளா, சாமி நிக்காருல்லா" என்றார் அப்பா.

"சாமி அங்கியும் ஒரு கல்லுலதான வெளுக்கு."

சாமி தன் அங்கியைப் பார்த்தார். முழங்கால் வரை சகதி. "நியாயந்தான்" என்றார். "கல்லுக்குக் கல்லு குடுத்துட்டு இத எடுங்க. அந்த அம்மாவுக்குப் பிடிக்கணும்."

சிலுவை போட்ட கல்லில் இனித் துவைக்க முடியாது. தலைக்கல் மாமிதான் சொன்னாள். "அதுவர எங்கல்லுல அடி. எனக்கு இன்னைக்கித் துணி கொறச்சல்."

மறுநாளிலிருந்து கல் வர ஆரம்பித்தது. கமிட்டிக்காரர்கள் உடைமரத்தடியில் ஒரு கல்லைக் கொண்டுவந்து போடுவார்கள். அம்மா அப்பா இடுப்பில் கட்டுகிற சாரத்தை நனைத்து ஒரு அடி அடிப்பாள். ஆண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"சொரசொரப்பு. சாரம் நைஞ்சிரும்."

அடுத்த கல்.

"குட்ட. முதுகு விட்டுப்போவும்."

துறைமுகத்துப் பக்கமிருந்து லாரிக்காரர் ஒருவர் இறக்கிப்போட்ட கருங்கல்லை அம்மா இரண்டு தடவை அடித்துக் காது கொடுத்துக் கேட்டாள். "சத்தம் சரியில்ல" என்றாள். சத்தத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க எவருக்கும் தைரியம் வரவில்லை. தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த நாட்களில் அம்மா ஒவ்வொரு கல்லாக மாறித் துவைத்தாள். ஒருநாள் தலைக்கல். ஒருநாள் அடுத்தது. பெரியம்மா கல்லிலும் அடித்தாள். நானும் சோப்பு டப்பாவோடு பின்னால் போனேன். மேலே எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பெரும்பாலும் புருசன்மாரைச் சொல்லித்தான். எங்கள் அப்பாவும் அதில் உண்டு. அம்மா துறைமுகத்துக் கிரேன் பெட்டி தூக்குவதை நனைந்த சேலையை வைத்துச் செய்து காட்டினாள். கிரேன் சத்தமும் அவளே போட்டாள். தலைக்கல் மாமிக்குப் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

ஒருநாள் சித்தப்பா டவுனிலிருந்து லோடு ஆட்டோவில் ஒரு கல் கொண்டுவந்தார். யாரோ இடித்த வீட்டின் வாசற்படிக் கல். கறுப்பு. வழவழப்பு. சித்தப்பா அதை இறக்கி, மரத்தடியில் ஆடாமல் பதித்து, சட்டையைக் கழற்றி அதாலேயே துடைத்தும் விட்டார்.

அம்மா அடித்துப் பார்த்தாள். உள்ளங்கையால் கல்லை ஒரு தடவை தடவினாள். பிறகு "லேசா சரிவு" என்றாள்.

எனக்கு அந்தக் கல் பிடித்துவிட்டது. கையில் தண்ணீர் அள்ளி அதன் மேல் ஊற்றினேன். அது அப்படியே நின்றது. "தண்ணி ஓடலம்மா. சமமாத்தான் இருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. ஏன் என்று தெரியவில்லை.

கொடியேற்றம் நெருங்கியது. சாமி நேரிலேயே கரைக்கு வந்தார். "அம்மா, பத்துக் கட்டளைய மோயீசனே ரெண்டு கல்லுல முடிச்சிட்டாரு" என்றார். சித்தப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மரத்தில் சாய்ந்திருந்தார்.

அம்மா கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இருந்தும் பிழிந்துகொண்டிருந்தாள்.

தலைக்கல் மாமி எழுந்தாள். "ஏ, அந்தக் கடைசில எதுக்குக் கொண்டு போட்டுப் போட்டுப் பாக்கிய? எங்கல்லுக்கு இங்கிட்டு எடம் கெடக்குல்லா. நான் ரெண்டடி ஒதுங்குதேன். இங்கன போடுங்க."

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எந்தக் கல்லப் போட?" என்றார் சித்தப்பா.

"அந்த வாசப்படிக் கல்லயே போடுங்க தம்பி" என்றாள் அம்மா.

நாலு பேர் தூக்கிவந்து தலைக்கல்லுக்குப் பக்கத்தில் பதித்தார்கள். அம்மா சாரத்தை நனைத்து அடித்தாள். ஒரே அடி.

"சரியா இருக்கு."

எனக்குப் பொறுக்கவில்லை. "இது அன்னைக்கிச் சரிவுன்னு சொன்ன கல்லுதான!" என்று கத்தினேன்.

கிள்ளு விழும் என்று தொடையை ஒதுக்கிக்கொண்டேன். விழவில்லை. பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். தலைக்கல் மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அம்மா நுரைக் கையை என் தலையில் வைத்துத் தேய்த்தாள். சாமி முதலில் புரியாமல் நின்றார். பிறகு அவரும் சிரித்தார். அப்பாவும் சித்தப்பாவும் நானும் மட்டும் சிரிக்கவில்லை.

கல்லறைக் கல் கோயில் சுவரில் ஏறியது. ஆயர் வந்து மந்திரித்தார். சித்தப்பா அவரிடம் தளபதி கதையை முழுவதும் சொன்னார். ஆயர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெண் கொடுத்த வீடு எது என்று விசாரித்தார். சித்தப்பா எங்கள் வீட்டைக் காட்டினார்.

திருவிழா முடிந்ததும் நான் ஆற்றுக்குத் தனியாகப் போனேன். அந்தக் கல்லில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஓடவில்லை. அம்மா கல் விஷயத்தில் தப்பாகச் சொல்ல மாட்டாள். அன்றைக்கு உடைமரத்தடியில் நான்தான் தண்ணீரைச் சரியாக ஊற்றவில்லை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.