அக்காவின் துறையும் நீள மேசையும்

என் அக்காவுக்கு வீட்டில் பட்டப்பெயர் 'ஏன்'. சின்ன வயதிலிருந்தே யார் வீட்டுக்குப் போனாலும், அங்கே யார் முதலில் உட்காருகிறார்கள், யார் கடைசிவரை நிற்கிறார்கள் என்று பார்ப்பாள். பார்த்துவிட்டு ஏன் என்று எங்கள் உயிரை வாங்குவாள். பிறகு கல்லூரியில் பண்பாட்டு ஆய்வுத் துறையில் ஆசிரியையாகச் சேர்ந்து, அதற்கே சம்பளமும் வாங்கினாள். கெட்டிக்காரி.

அந்தத் துறைக்கு இந்த வருடம் ஆபத்து வந்தது. கல்லூரிக் குழுவின் தலைவர்தான் நான் வேலை பார்க்கும் பாட்டில் தொழிற்சாலைக்கும் முதலாளி. "ஜனங்க எப்படி உக்கார்றாங்க, என்ன பேசறாங்கன்னு பாக்கறதுக்கு ஒரு படிப்பா? மூடிடலாம்" என்று சொல்லிவிட்டார். அக்கா அன்று சாப்பிடவே இல்லை. அவள் வளர்த்த துறை.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் தொழிற்சாலையில் இயந்திரங்கள் அடிக்கடி நின்றுபோயின. கழற்றிப் பார்த்தவர்கள் ஒரு பழுதும் இல்லை என்றார்கள். மேற்பார்வையாளன் என்ற உரிமையில் முதலாளியிடம், "எங்க அக்காவைக் கூப்பிட்டுப் பாருங்க சார்" என்றேன்.

"வந்து என்ன பண்ணுவாங்க? மெஷினுக்குப் பாட்டுப் பாடுவாங்களா?" என்று சிரித்தார். ஆனாலும் கூப்பிட்டார்.

அக்கா மாணவர்களோடு வந்தாள். இயந்திரத்தின் பக்கமே போகாமல், நாள் முழுக்க உணவுக்கூடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். எனக்கு மானமே போயிற்று. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "இங்க முன்னாடி எப்படிடா சாப்பிடுவீங்க?" என்றாள்.

முன்பு ஒரே நீள மேசைதான். வேலை முடித்தவர்களும் வேலைக்கு வந்தவர்களும் அதில் சேர்ந்து சாப்பிடுவார்கள். "மாமியார் இன்னைக்கு முறைச்சுக்கிட்டு இருக்கா, பாத்துப் போ!" என்று கிண்டல் பறக்கும். மாமியார் என்றால் மூன்றாவது இயந்திரம்; அன்றைக்கு அதை எப்படிப் பக்குவமாக ஓட்டவேண்டும் என்பது அந்தக் கிண்டலிலேயே அடுத்தவருக்குப் போய்விடும். நேரம் வீணாகிறது என்று முதலாளி சின்ன மேசைகளைப் போட்டு, சாப்பாட்டு நேரத்தையும் பிரித்துவிட்டார். அதன்பிறகு மாமியாரின் கோபத்தை யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

அக்கா சொன்னபடி நீள மேசை திரும்பி வந்தது. இயந்திரங்களும் வழிக்கு வந்தன.

கல்லூரிக் குழு கூடியபோது, தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்ல என்னையும் அழைத்திருந்தார்கள். முதலாளிக்கு முகமெல்லாம் பல். "டீச்சரம்மா, துறை இருக்கட்டும். ஆனா இனிமே தொழிலுக்கு உபயோகப்படறதை மட்டும் பாருங்க" என்றார். சரி என்று சொல்லித் தொலையேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"முடியாது சார்" என்றாள் அக்கா. "ஒரு உபயோகமும் இல்லன்னுதானே நீங்க அந்த மேசையை எடுத்தீங்க?"

முதலாளி பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, துறை தொடரலாம் என்ற தாளில் ஒரு நிபந்தனையும் எழுதாமல் கையெழுத்துப் போட்டார்.