வரைபடத்தில் நான் விட்ட ஓடை

மனைப்பிரிவு வரைபடம் தயாரிப்பது என் வேலை. மல்லசமுத்திரம் பக்கம், திருமணிமுத்தாற்றை ஒட்டிய ஒரு நிலத்தின் நடுவே ஓர் ஓடை போவதாகப் பழைய நில அமைப்பு வரைபடம் காட்டியது. நேரில் பார்த்தால் வெறும் சோளக்காடு. ஓடையைக் காட்டினால் மனைகள் குறையும் என்றார் நிலத்துக்காரர். நானும் விட்டுவிட்டேன்.

போன ஐப்பசி மழையில், அங்கே வீடு கட்டிய ஒரு லாரி டிரைவரின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. கேள்விப்பட்டுப் போனேன். நனைந்த மெத்தையைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தவர், "இத்தனை தண்ணி எங்கிருந்துங்க வந்துது?" என்று என்னையே கேட்டார்.

"பழைய வரைபடத்துல ஓடை இருந்துச்சுங்க. தெரிஞ்சேதான் உட்டுட்டேன்."

அவர் திட்டவில்லை. மெத்தையை நிமிர்த்தி வைத்துவிட்டு, "பக்கத்துல நாலு மனை இன்னும் விக்காமக் கெடக்குதுங்க. வாங்க வர்றவங்களுக்காச்சும் சொல்லிப்போடுங்க" என்றார்.

ஓடையைச் சேர்த்து வரைந்து கொடுத்தேன். நிலத்துக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அந்த மனைகளை வாங்க வந்த நாலு பேரிடம் நானே சொன்னேன். டிரைவர் அன்று திட்டியிருந்தால், மன்னிப்புக் கேட்டுவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன்.