மணி கட்டிய வேட்டைக்காரர்

இலங்கைச் சண்டைக் காலத்தில், வாழைச்சேனைக்கு மேற்கேயுள்ள மலைக்கு என்னை மரைமான் வேட்டைக்குக் கூட்டிப்போனவர் இடுப்பில் மாட்டுமணி கட்டியிருந்தார். ஒட்டிய கன்னம், தோளில் நாட்டுத் துவக்கு. நடக்க நடக்க மணி கிணுகிணுத்தது.

“மரை ஓடிராதா அண்ணன்?”

“அது மேயிற மாடுகளோட பழகினது தம்பி. மணியில்லாமப் போனா ஆமியும் சுடுவான், இயக்கப் பொடியன்மாரும் சுடுவாங்கள். மணி கேட்டா மாடெண்டு விட்டிருவாங்கள்.”

சுடும்போது மட்டும், கிட்டத்தில் மரை மிரளாமலிருக்க, மணிக்குள் துணி அடைப்பாராம்.

உச்சிக்குக் கீழே பெரிய கொம்பன் மரை நின்றது. அவர் துணியை அடைத்துத் துவக்கைத் தூக்கினார். சட்டென்று துவக்கை இறக்கி, துணியை உருவி, மணியைப் பலமாக ஆட்டினார். மரை பாய்ந்தோடியது.

“என்ன அண்ணன்?”

“அந்தப் பத்தைக்குள்ள சப்பாத்துக் கால் தெரியுது. பேசாம வா.”

எனக்குப் பற்றையின் இலைதழை மட்டும்தான் தெரிந்தது. அங்கே ஆள் இருந்ததா, மரையைச் சுட அவருக்கு மனம் வரவில்லையா, இன்றும் தெரியாது. ஆனால் தானாகவே ஒலிக்கும் அந்த மணியை, அடிவாரம் வரை அவர் கையாலும் ஆட்டிக்கொண்டே வந்தார்.